15 இருக்கை, 4 ஜோடிக் கால்

எங்கள் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகிறார் என்றதும், வழக்கமான இரவு விருந்து வேண்டாம், புதிதாக ஏதாவது செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. யாரோ ஒருவர் அலுவலகக் குழுவில் ஒரு காணொளியைப் போட்டார். நீளமான ஒரு வண்டி, நடுவில் மேசை, இரு பக்கமும் ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து பெடல் மிதிக்கிறார்கள், கையில் கோப்பை, தலைக்கு மேல் வண்ண விளக்குகள், பாட்டு. அரை மணி நேரத்தில் எல்லாரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அடுத்த அரை மணி நேரத்தில், ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. "உங்களுக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலை" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

இப்படி ஒரு இரவை ஏற்பாடு செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியில் ஏறி உட்காரப்போகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. அவர்கள் எப்படியும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ, யாருடைய கார்டு கொடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த ஒருவருடைய இரவு வேறு மாதிரி இருக்கும்.

முதலில் அந்த வண்டி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். காணொளியில் இது தெரியாது. இந்த வகை வண்டி 1997-இல் நெதர்லாந்தில் உருவானது. 2007 வாக்கில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போய், அங்கிருந்து பல ஊர்களுக்குப் பரவியது. வடிவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்துக்கு 5 என்று 10 பெடல் இருக்கைகள். சக்கரங்களுக்கு மேலே பெடல் இல்லாத ஓரிரு இருக்கைகள். பின்னால் 3 பேர் சாய்ந்து உட்காரும் ஒரு பெஞ்சு. முன்னால் ஓட்டுநர். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் ஓட்டுநர் மட்டுமே. அவர் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் ஆள்; குடிக்கக் கூடாது. நாம் மிதிப்பது சங்கிலிகள் வழியாக அடியில் ஓடும் ஒரு தண்டுக்குப் போய், அங்கிருந்து சக்கரத்துக்குப் போகிறது. ஆளில்லாத வண்டியே ஏறக்குறைய ஒரு டன் எடை இருக்கும். சில வண்டிகளில் மின்மோட்டார் உதவி உண்டு, பலவற்றில் கிடையாது. எங்களுக்கு வந்ததில் கிடையாது.

நிறுவனத்தின் விளம்பரத்தில் "15 பேர் வரை" என்று இருந்தது. என்னையும் சேர்த்து 15 வரும்படி 14 பேரிடம் கேட்டேன். 14 பேரும் வருவதாகச் சொன்னார்கள். வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதில்லை, முழு வண்டிக்கும் சேர்த்து ஒரே தொகை. அதை 15-ஆல் வகுத்து ஆளுக்கு இவ்வளவு வரும் என்று குழுவில் போட்டேன். கட்டைவிரல் குறிகள் வரிசையாக வந்தன. பாதித் தொகையை முன்பணமாக என் கார்டிலிருந்து கட்டினேன். மீதிப் பாதியைக் கிளம்பும் இடத்தில் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தை நான் முழுக்கப் படித்தேன். ஆள் குறைந்தாலும் தொகை குறையாது, 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் எதுவும் திரும்பக் கிடைக்காது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அதையும் குழுவில் போட்டேன். அதற்கும் கட்டைவிரல் குறிகள் வந்தன.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குழுவில் வரும் கட்டைவிரலுக்குப் பண மதிப்பு எதுவும் கிடையாது. வருகிறேன் என்று சொல்வது ஆசை. பணம் அனுப்புவதுதான் முடிவு. முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமிருந்தும் முழுப் பங்கையும் வாங்கிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நாம் என்ன ஓடியா போய்விடப்போகிறோம்" என்று யாராவது சிரித்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே, பணம் வந்தவர்கள் பெயரை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லுங்கள். ஆளுக்கான பங்கைக் கணக்கிடும்போதும் 15-ஆல் வகுக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் கழன்றுகொள்வார்கள் என்று வைத்து 12-ஆல் வகுங்கள். எல்லாரும் வந்துவிட்டால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுப்பவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்டு வாங்குபவரைப் பார்த்துத்தான் சுளிப்பார்கள்.

அன்றைக்கு மாலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். 7 முதல் 9 வரை எங்கள் நேரம். 6:45-க்கு அங்கே நானும் வழியனுப்பப்படுபவரும் மட்டும் இருந்தோம். 7 மணிக்கு 6 பேர். ஓட்டுநராக வந்த பெண் மரியாதையாகவே சொன்னார்: "நேரம் ஆரம்பித்துவிட்டது. 9 மணிக்கு அடுத்த குழு இங்கே நிற்கும்." அந்த 2 மணி நேரம் என்பது மிதிக்கும் நேரம் மட்டும் அல்ல. வருவது, ஏறுவது, பாதுகாப்பு விளக்கம் கேட்பது, படிவத்தில் கையெழுத்துப் போடுவது, திரும்பி வந்து இறங்குவது எல்லாம் அதற்குள்தான். நான் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் போக்குவரத்து நெரிசலில் இருந்தார். ஒருவர் இன்னும் வீட்டில் இருந்தார். இருவர் எடுக்கவே இல்லை. வந்து சேர்ந்தது 11 பேர். கிளம்பும்போது மணி 7:35. வாடகையில் கால்வாசிக்கும் மேல் நடைபாதையில் நின்றே தீர்ந்துவிட்டது.

நேரத்தைப் பொறுத்தவரை நான் இப்போது எல்லாரிடமும் சொல்வது, அழைப்பில் உண்மையான நேரத்தைப் போடாதீர்கள் என்பதுதான். வண்டி 7 மணிக்கு என்றால் 6:15-க்குச் சந்திப்பு என்று சொல்லுங்கள். சந்திக்கும் இடம் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், உட்கார வசதியுள்ள, கழிவறை உள்ள இடமாக இருக்கட்டும். கழிவறை ஏன் என்று கொஞ்ச நேரத்தில் புரியும்.

ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விழுந்தால், அடிபட்டால் நிறுவனத்தின் மேல் பொறுப்பு இல்லை என்பதுதான் அதன் சாரம். யாரும் படிக்கவில்லை. எல்லாருக்கும் படம் எடுக்கும் அவசரம். படிவத்தின் அடியில், குழுவின் சார்பில் ஒருவர் தனியாகக் கையெழுத்துப் போட இடம் இருந்தது. "குழுவுக்குப் பொறுப்பு யார்?" என்று ஓட்டுநர் கேட்டார். 10 விரல்கள் என்னைக் காட்டின. அந்தக் கையெழுத்தின் பொருள், வண்டிக்குச் சேதம் வந்தாலும், அசுத்தமானாலும், நேரம் மீறினாலும் கட்டணம் என்னிடமிருந்து எடுக்கப்படும் என்பது. அதோடு கார்டில் ஒரு டெபாசிட் தொகையையும் நிறுத்திவைத்தார்கள். நான் கொடுத்தது டெபிட் கார்டு. கிரெடிட் கார்டில் நிறுத்திவைத்தால் கடன் வரம்புதான் குறையும். டெபிட் கார்டில் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கிவிடும். வண்டியை ஒப்படைத்த பிறகும் அது விடுபட்டு வர இரண்டு வாரம் ஆனது. நடுவில் மாத வாடகை கட்டும் நாள் வந்து போனது.

ஏறியதும் முதல் சிக்கல் ஆரம்பித்தது. பின்பக்க பெஞ்சுதான் வண்டியிலேயே சொகுசான இடம். சாயலாம், மிதிக்க வேண்டாம், எல்லாரையும் படம் எடுக்கலாம். மூன்று பேர் ஓடிப்போய் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். மூவரும் நல்ல உடல்வலு உள்ள இளைஞர்கள். முழங்கால் வலி உள்ள ஒருவர் சக்கரத்துக்கு மேலே இருந்த இருக்கைக்குப் போனார், அது நியாயம். அவருக்குத் துணையாக எதிரில் ஒருவர் உட்கார்ந்தார், அது எந்த வகை நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மிச்சம் 6 பேர் பெடலில். அந்த 6 பேரில் ஒருவர் உயர்ந்த குதிகால் செருப்பு அணிந்து வந்திருந்தார். கால் பெடலில் நிற்கவில்லை. இன்னொருவர் மிகவும் குள்ளம். இருக்கையை எவ்வளவு இறக்கியும் பெடல் கீழே போகும்போது அவர் கால் எட்டவில்லை. ஆக, உண்மையில் வண்டியை நகர்த்தியவர்கள் நான்கு பேர். நான் அதில் ஒருத்தி. வழியனுப்பு விழா நாயகர் இன்னொருவர்.

சமதளத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. முதல் பத்து நிமிடம் உண்மையிலேயே அருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வண்டி மெதுவாகப் போகிறது, தெருவில் போகிறவர்கள் கை அசைக்கிறார்கள், வருடக்கணக்கில் பக்கத்து மேசையில் உட்கார்ந்தும் அதிகம் பேசாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே தன் கல்லூரிக் காலத்தைப் பற்றிச் சொல்கிறார். எதிரெதிரே உட்கார்ந்து, எல்லாருக்கும் ஒரே வேலை இருக்கும்போது பேச்சு தானாக வந்துவிடுகிறது. இந்த வண்டியில் பிடித்த விஷயம் எனக்கு அதுதான். வண்ண விளக்கும் பாட்டும் இல்லாவிட்டாலும் அது இருந்திருக்கும்.

பிறகு ஒரு பாலம் வந்தது. காரில் போகும்போது அது ஏற்றம் என்றே தெரியாது. வண்டி பாதி ஏறியதும் வேகம் குறைந்துகொண்டே வந்து, நின்றுவிட்டது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் மிதியுங்கள்!" என்று கத்தினார். நாங்கள் நால்வரும் எழுந்து நின்று மிதித்தோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின் பெஞ்சில் இருந்தவர்கள், "இழு, இழு" என்று உற்சாகப்படுத்தினார்கள். பின்னால் வாகன வரிசை. ஹாரன் சத்தம். ஓட்டுநர் திரும்பி, மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "மிதிக்காதவர்களை இறங்கி நடக்கச் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். இரண்டாவது முறை கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னேன். இறங்கினார்கள், ஆனால் முகம் மாறிவிட்டது. அந்த நிமிடத்தில் நான் ஒரு கொண்டாட்டத்தைக் கெடுக்கும் கண்டிப்பான ஆசிரியை ஆகிவிட்டேன். வியர்த்து, மூச்சு இரைத்து, பின்னால் அத்தனை வண்டிகள் ஹாரன் அடிக்க நின்றபோது எனக்கு வந்த எரிச்சல் மிதிக்காதவர்கள் மேல்கூட இல்லை. வண்டிக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் இது விளையாட்டாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் வேலையாக இருக்கிறது என்ற எரிச்சல் அது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஊரில் பாதி தேரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழக்கமில்லாத ஒருவர் தொடர்ந்து சிரமமில்லாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை சக்தி தர முடியும். 10 பேர் மிதித்தால் ஏறக்குறைய 800 வாட். சங்கிலியிலும் பல்சக்கரங்களிலும் கொஞ்சம் வீணாகும். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 2 டன்னுக்குப் பக்கத்தில். சமதளத்தில் இந்தச் சக்தி மணிக்கு 8 கிலோமீட்டருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் 100 மீட்டருக்கு வெறும் 2 மீட்டர் உயரும் ஏற்றம் வந்தால் அதே 10 பேரால் நடைவேகத்தில்தான் போக முடியும். நான்கு பேர் என்றால் நடைவேகத்தில் பாதிகூட வராது. அந்தப் பாலத்தில் நாங்கள் தோற்றது சோம்பலாலோ உற்சாகக் குறைவாலோ அல்ல, கணக்கே இடிக்கிறது. மிதிக்காத ஒவ்வொருவரும் சக்தி தராமல் இருப்பதோடு எடையையும் கூட்டுகிறார் என்பதைப் பெஞ்சில் இருந்தவர்களுக்குப் புரியவைக்க அன்று எனக்கு மூச்சு இல்லை.

ஆகவே வண்டியைப் பதிவு செய்யும்போது இருக்கைகளை எண்ணாதீர்கள், கால்களை எண்ணுங்கள். நன்றாக மிதிக்கக்கூடிய 8 பேராவது உறுதியாக வருகிறார்களா என்று பாருங்கள். அதற்குக் குறைந்தால் மோட்டார் உதவி உள்ள வண்டியைக் கேளுங்கள். "மோட்டார் இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் "எங்களிடம் இருக்கிறது" என்பார்கள். எங்கள் தேதிக்கு, எங்கள் நேரத்துக்கு வரப்போகும் அந்த வண்டியில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாதையையும் கேளுங்கள். பாலம், மேடு, சுரங்கப்பாதை உண்டா, சமதளமான மாற்றுப் பாதை இருக்கிறதா என்று விசாரியுங்கள். யார் எங்கே உட்காருவது என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவு செய்து, பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடம் மாற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு யாரையும் அந்தப் பெஞ்சிலிருந்து எழுப்ப முடியாது. காலணி தட்டையாக, பின்பக்கம் மூடியதாக இருக்கட்டும். கீழே தொங்கும் உடை, நீளமான துணிப்பட்டை எதுவும் வேண்டாம். பெடலுக்குள் போனால் கிழியும், அல்லது ஆளை இழுக்கும். குதிகால் செருப்பு அணிந்து வந்தவருக்குக் கால் வழுக்கி, பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. அந்த வீக்கம் ஒரு வாரம் இருந்தது.

பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியதும் எல்லாருக்கும் உற்சாகம் திரும்பியது. அடுத்து வந்த வளைவில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பெடல் இருக்கையில் உட்காருபவர் வண்டி போகும் திசையைப் பார்த்து உட்காருவதில்லை. மேசையைப் பார்த்து, அதாவது பக்கவாட்டில் உட்காருகிறார். எங்கள் வண்டியில் அந்த இருக்கைகளுக்குச் சாய்மானமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் சாலைதான். வண்டி திரும்பும்போது வெளிவளைவில் இருப்பவரின் உடல் பின்னோக்கிச் சாயும். ஒரு கையில் கோப்பையும் மறு கையில் தொலைபேசியும் இருந்தால் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. எங்களில் ஒருவர் அப்படித்தான் பின்னால் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் வண்டிக்குள் இருந்தார். அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். 2022 ஜூனில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் இந்த வகை வண்டி ஒன்று திரும்பும்போது கவிழ்ந்து 15 பேர் காயமடைந்தார்கள் என்பதை நான் பிறகுதான் படித்தேன். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களின் எடை வண்டியின் எடைக்கு ஈடாக இருக்கிறது; எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வளைவு வருகிறது என்று ஓட்டுநர் சொன்னதும் மேசை விளிம்பை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும், யாரும் எழுந்து நிற்கக் கூடாது, ஓடும் வண்டியில் இடம் மாறக் கூடாது. இந்த மூன்றையும் நீங்களே சத்தமாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஓட்டுநரும் சொல்வார், ஆனால் அப்போது எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கழிவறை விஷயத்துக்கு வருகிறேன். வண்டியில் கழிவறை கிடையாது. மதுவுக்குச் சிறுநீரைப் பெருக்கும் தன்மை உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துவிட்டுப் பாதையைத் திட்டமிட வேண்டும். எங்களுக்கு இரண்டு நிறுத்தங்கள், தலா 20 நிமிடம் என்று ஏற்பாடு. 11 பேர் இறங்கி, வரிசையில் நின்று, திரும்பி வந்து, விட்டுப்போன தொலைபேசியை எடுக்க ஒருவர் மறுபடி போய், எல்லாரும் ஏறுவதற்குள் முதல் நிறுத்தமே அரை மணி நேரத்தை விழுங்கிவிட்டது. இரண்டாவது நிறுத்தத்தை ஓட்டுநர் ரத்து செய்தார். அதற்கும் குழுவில் முணுமுணுப்பு என் பக்கமாகத்தான் வந்தது. இன்னொன்று, மிதிப்பது உடற்பயிற்சி. வியர்வையிலும் தண்ணீர் போகிறது, மதுவாலும் போகிறது. குடிநீர் நிறைய எடுத்துக்கொண்டு போங்கள். நான் எடுத்துப்போன தண்ணீர் பாலத்தோடு தீர்ந்துவிட்டது.

மதுவைப் பற்றியும் ஒன்று. வண்டியில் மது அருந்தலாமா என்பது ஒவ்வொரு நாட்டிலும், ஏன், ஒவ்வொரு நகரத்திலும் வேறுபடும். சில இடங்களில் வண்டியிலேயே குடிக்கலாம், சில இடங்களில் நிற்கும் இடங்களில் மட்டும், சில இடங்களில் வண்டிக்கே அனுமதி கிடையாது. நெதர்லாந்தில் பிறந்த வண்டிதான், ஆனால் ஆம்ஸ்டர்டாம் நகர மையத்தில் 2017 நவம்பரிலிருந்து அதற்குத் தடை. குடியிருப்பவர்கள் சத்தத்தையும் அசுத்தத்தையும் நெரிசலையும் பற்றிப் பல காலம் புகார் செய்திருந்தார்கள். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரத்து வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போய், 2012-இல் ஒரு முடிவுக்கு வந்தது. இது சாதாரணப் போக்குவரத்து அல்ல, சாலையில் நடத்தப்படும் ஒரு விருந்து, ஆகவே தனி அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். நீதிபதிகளுக்கு அது விருந்தாகத் தெரிந்தது. பாலத்தில் நின்ற எனக்கு அது இரண்டு டன் வண்டியாகத்தான் தெரிந்தது. எப்படியானாலும், நிறுவனத்திடம் நகர அனுமதியும் பயணிகளுக்கான காப்பீடும் இருக்கிறதா என்று கேளுங்கள். காப்பீடு மூன்றாம் நபருக்கு மட்டுமா, வண்டியில் இருப்பவர்களுக்கும் உண்டா என்பது தனிக் கேள்வி. பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டு முன்பே குழுவுக்குச் சொல்லுங்கள். குடியிருப்புப் பகுதியில் ஓட்டுநர் பாட்டை நிறுத்தியபோது, அதையும் நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள்.

வருவதற்கு முன்பே ஒருவர் வேறு எங்கேயோ குடித்துவிட்டு வந்திருந்தார். ஏறும்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஓட்டுநருக்கு அவரை ஏற்ற மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது. திரும்பும் வழியில் அவருக்கு வாந்தி வந்துவிட்டது. பாவம், அவர் மனிதர் நல்லவர், அவமானத்தில் கூனிக்குறுகிப் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நானும், முழங்கால் வலிக்காரரும் அவரை இறக்கி, முகம் கழுவவைத்து, நடைபாதையில் உட்காரவைத்தோம். ஓட்டுநர் என்னிடம் வந்து மெதுவாக, "சுத்தம் செய்யும் கட்டணம் உண்டு, தெரியும் அல்லவா?" என்றார். ஒப்பந்தத்தில் இருந்தது, தெரியும். அந்தக் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு பேருடைய பங்குக்குச் சமம். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையும் ஒரு கட்டுக் காகிதத் துண்டும் கையில் இருந்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. ஆட்களை ஏற்றும்போது ஒவ்வொருவரிடமும் ஓரிரு வார்த்தை பேசிப்பாருங்கள். நிதானம் இல்லாதவரைப் பெடல் இருக்கையில் உட்காரவைக்காதீர்கள். அவரைப் பெஞ்சின் நடுவில், இருவருக்கு இடையில் உட்காரவைப்பதுதான் பாதுகாப்பு. பெஞ்சை நியாயமாகப் பயன்படுத்த இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

9 மணிக்குள் திரும்பிவிட்டோம். ஓட்டுநர் கடைசியில் குறுக்கு வழியில் கொண்டுவந்து சேர்த்தார். நேரம் மீறியதற்கான கட்டணம் அவருடைய கருணையால் தப்பியது. எல்லாரும் கட்டிப்பிடித்து, படம் எடுத்து, அடுத்த இடத்துக்குக் கிளம்பினார்கள். நான் அங்கேயே நின்று கணக்கு முடித்துவிட்டு, சுத்தம் செய்யும் கட்டணத்துக்கும் கார்டைத் தேய்த்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போனேன். யாரும் நான் வரவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. வழியனுப்பப்பட்டவர் மட்டும் மறுநாள் காலையில் அழைத்து, "ரொம்ப நன்றி, உங்களைத்தான் பாடாய்ப் படுத்திவிட்டோம்" என்றார். மாற்றலாகிப் போகிறவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அன்று கொஞ்சம் அதிகமாகவே வருத்தமாக இருந்தது.

பணக் கதை அதற்குப் பிறகுதான். வந்தவர்கள் ஒரு வாரத்துக்குள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள், வழியனுப்பப்பட்டவரும் உட்பட. அவரிடம் வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. வராத நான்கு பேரில் ஒருவர் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். மற்றொருவரிடம் நான் கேட்டபோது, "நான்தான் வரவே இல்லையே, நான் எதற்குத் தர வேண்டும்?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். முழு வண்டிக்கும் ஒரே வாடகை என்று விளக்கினேன். "ஓ" என்றார். அதோடு சரி. இன்னொருவர் பார்க்கிறேன் என்றார். கடைசி ஒருவர் அந்தச் செய்தியை இன்னும் திறக்கவில்லை. எனக்கு என் சொந்தப் பங்கும், வராத மூவரின் பங்கும், சுத்தம் செய்யும் கட்டணமும் சேர்த்து, ஒருவருடைய பங்கைப் போல 6 மடங்கு செலவு. சுத்தம் செய்யும் கட்டணத்தை மற்றவர்களிடம் பகிர்ந்து கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அந்த மனிதரின் பெயர் குழுவில் மறுபடி அடிபடும். அவருக்காக அதைக் கேட்கவில்லை. அவர் தானாகவே பாதியைக் கொடுக்க வந்தபோது வாங்கிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

சென்ற மாதம் வேறொரு பிரிவில் இருப்பவர் வந்து, அவர்களும் அதேபோல் ஒரு இரவு போகப்போவதாகச் சொல்லி என்னிடம் நிறுவனத்தின் எண்ணைக் கேட்டார். எண்ணோடு சேர்த்து, அவர் குழுவில் அப்படியே ஒட்டுவதற்கு ஒரு செய்தியையும் எழுதிக் கொடுத்தேன். அதையே இங்கேயும் தருகிறேன், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பங்கை அனுப்பியவர்களின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். வராவிட்டால் பணம் திரும்பாது. உங்களுக்குப் பதிலாக வேறொருவரை நீங்கள் அனுப்பலாம். சந்திப்பு 6:15. 7 மணிக்கு வண்டி கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. தட்டையான, மூடிய காலணி. முழங்கால், முதுகு, இதய சிகிச்சை, கர்ப்பம் போன்றவை இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், பெடல் இல்லாத இடம் அவர்களுக்கே. மற்ற எல்லாரும் மிதிக்க வேண்டும். கூடுதல் கட்டணம் எது வந்தாலும் எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கப்படும். ஏறும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள்."

அவர் படித்துவிட்டு, கொஞ்சம் கறாராக இருக்கிறதே என்றார். எதை வேண்டுமானாலும் மென்மையாக்குங்கள், முதல் வரியை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அவர்கள் குழுவில் 14 பேர் ஆர்வம் காட்டியிருந்தார்கள். செய்தி போன பிறகு பணம் அனுப்பியது 9 பேர். அவர் வருத்தத்தோடு வந்து சொன்னார். அந்த 9 பேரும் மிதிப்பார்களா என்று கேட்டேன். மிதிப்பார்கள் என்றார். அப்படியானால் பதிவு செய்துவிடுங்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள் என்று சொன்னேன்.